வீட்டுக்கு ஒரு வரிசை

கத்திரிக்காய் வாங்கப் போனால் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? கூடையைக் கிளறி, ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து, துளி ஓட்டை கூட இல்லாமல் பளபளவென்று இருப்பதாகப் பொறுக்கிப் போட்டுக் கொள்கிறோம். ஓட்டை தெரிந்தால், "இது சொத்தைப்பா, வேண்டாம்" என்று தள்ளி விடுகிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை, சகோதரிகளே! நானும் அப்படிப் பொறுக்கியவள்தான். ஆனால் அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காயை விளைவிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், கிணற்றுப் பாசனம். அதில் ஐம்பது சென்டில் வருஷா வருஷம் கத்திரி போடுவோம். கத்திரிக்கு மருந்து அடிப்பது என்பது எங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி ஒரு வேலை. வாரத்துக்கு ஒரு தடவை, காய்ப்பு மும்முரமாக இருக்கும்போது இரண்டு தடவை. என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் கடைக்காரர் சொல்வதுதான். "இதையும் அதையும் கலந்து அடிங்க, புழு நிக்காது" என்பார். என் கணவர் அப்படியே செய்வார்.

இதில் ஒரு விஷயம் உண்டு. வெளியில் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாய்க்கால் ஓரமாக ஒரு வரிசைச் செடிக்கு மட்டும் நாங்கள் மருந்து அடிக்க மாட்டோம். அது வீட்டுக்கு. மீதி எல்லாம் மண்டிக்கு. நாங்கள் மட்டுமில்லை, அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார், "ஏத்தா, கொழம்புக்குக் காய் பறிக்கறதா இருந்தா வாய்க்கா வரிசையில மட்டும் பறி" என்று சொல்லிக் கொடுத்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்ததுதானே!

2013-ஆம் வருஷம் ஆவணி மாதம். ஒரு நாள் சாயங்காலம் மருந்து அடித்துவிட்டு வந்த என் கணவர் திண்ணையில் அப்படியே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றினாற்போல வியர்வை. வாயில் எச்சில் ஒழுகுகிறது. "கண்ணு மங்கலா இருக்கு புள்ள" என்றார். அடுத்த நிமிஷம் வாந்தி. மூன்று வயசுப் பையன், "அப்பா, அப்பா" என்று ஓடிப்போய் அவர் மடியில் விழுகிறான். அந்தச் சட்டையும் லுங்கியும் மருந்தில் நனைந்திருந்ததை நான் அப்போது யோசிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கி இருந்தது. "என்ன அடிச்சார்? டப்பா கொண்டு வந்தீங்களா?" என்றார். எனக்கு மருந்தின் பெயர் கூடத் தெரியாது. தம்பி திரும்ப ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்தான். லேபிளைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "இதைக் காய்கறிக்கா அடிச்சீங்க? 2005-லயே காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு தடை பண்ணியாச்சே! சிவப்பு முக்கோணம் போட்டிருக்கே, பார்க்கலையா?" அது மோனோகுரோட்டோபாஸ். அட்ரோபின் ஊசி மாற்றி மாற்றிப் போட்டு மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மாரியாத்தா புண்ணியம், பிழைத்துக் கொண்டார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மதுரையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது மாதக் குழந்தை. மாமாவைப் பற்றி விசாரித்து அழுதுவிட்டு, என்னைத் தேற்றுவதற்காக வேறு பேச்சை எடுத்தாள். "அக்கா, பாப்பா இப்ப நல்லா சாப்பிடறா. பருப்பும் கத்திரிக்காயும் மசிச்சுக் குடுத்தேன். ஒட்டன்சத்திரத்துக் காயாம், கடைக்காரர் சொன்னார். நம்ம ஊர்க் காயின்னு ஆசையா வாங்கினேன்" என்றாள்.

எனக்கு நெஞ்சில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. என் பிள்ளைக்கு வாய்க்கால் வரிசை. என் தங்கை பிள்ளைக்கு? ஊரில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு?

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என்னவர் டேங்கைக் கழுவ ஆரம்பித்தார். "ஏங்க, வேண்டாங்க" என்று கையைப் பிடித்தேன். "மண்டியில முன்பணம் வாங்கியாச்சு. காய் சொத்தையாப் போனா யார் எடுப்பா? உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவே" என்று எரிந்து விழுந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அன்று இரவு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேரை வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். உழவர் வயல்வெளிப் பள்ளி என்று பெயர். வாரம் ஒரு நாள் வீதம் வயலிலேயே உட்கார்ந்து படிப்பது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். நமக்கு என்ன புரியும் என்று தயங்கிக்கொண்டேதான் போனேன். பாடம் எடுத்த அம்மா முதல் நாளே பலகையை எடுக்கவில்லை. "செடிக்குப் பக்கத்தில் உட்காருங்க. என்னென்ன பூச்சி இருக்குன்னு பார்த்து வரைங்க. எதையும் கொல்லாதீங்க" என்றார்.

அரை மணி நேரம் பார்த்தோம். நான் பதினேழு விதம் வரைந்திருந்தேன்! எனக்கே ஆச்சரியம். அத்தனை வருஷமாக அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் களை எடுத்திருக்கிறேன், காய் பறித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது புழு ஒன்றுதான். அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். சிவப்பாகக் கடுகுப் பருப்பு மாதிரி இருக்கிற பொறிவண்டு, அசுவினியைத் தின்கிறது. பச்சை நிறத்தில் கண்ணாடி மாதிரி இறக்கை உள்ளதும் அப்படியே. அதன் குஞ்சுதான் பெருந்தீனிக்காரன். சிலந்தி, தட்டான் எல்லாம் நம் பக்கம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத சின்னக் குளவி, புழுவின் மேலேயும் முட்டையின் மேலேயும் தன் முட்டையை வைத்து அதைச் சாகடிக்கிறது. பயிரைக் கெடுப்பவை சில. அவற்றைத் தின்று நமக்குக் காவல் இருப்பவை அதைவிட அதிகம். நாம் அடிக்கிற மருந்து இரண்டையும்தான் கொல்கிறது. ஆனால் கெடுக்கிற பூச்சி சீக்கிரம் பெருகிவிடும். காவல்காரர்கள் திரும்பி வர நாளாகும். அதனால்தான் மருந்து அடித்த வயலில் வெள்ளை ஈயும் சிவப்புச் சிலந்தியும் புதிதாகக் கிளம்புகின்றனவாம்.

"நம்பிக்கை வரலையா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கதை சொன்னார். ஒன்று இந்தோனேசியாவில் நடந்தது. நெல்லில் புகையான் வந்து, மருந்து அடிக்க அடிக்க அதிகமானதாம். காரணம், அதைத் தின்கிற சிலந்திகள் செத்துப் போனதுதான். 1986-இல் அந்த நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தார்கள், விழவில்லை. வயல்வெளிப் பள்ளிகளை முதலில் பெரிய அளவில் நடத்தியதும் அவர்கள்தானாம், 1989-இல்.

இன்னொன்று நம் ஊர்க் கதை. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதைப் பார்த்தாலும் பஞ்சு அப்பின மாதிரி வெள்ளை வெள்ளையாக! எங்கள் வீட்டுப் பப்பாளியும் அதில்தான் போயிற்று. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைத் தருவித்து, பெங்களூரில் வளர்த்து, நம் தோட்டங்களில் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாசலில் நடந்த விஷயம், எனக்குத் தெரியவே இல்லையே!

சரி, கத்திரிக்கு வருவோம். காய்த்துளைப்பான் என்பது சின்ன அந்துப்பூச்சி. வெள்ளை இறக்கையில் பழுப்புத் திட்டு இருக்கும். ராத்திரியில்தான் நடமாட்டம். இலைக்கு அடியிலும் குருத்திலும் மொட்டிலும் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். 3 முதல் 6 நாளில் புழு பொரிந்ததும், சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ குடைந்து உள்ளே போய்விடும். போன வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் வெளியே எத்தனை டேங்க் மருந்து அடித்தாலும் அதற்கு என்ன? வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வாசலில் தடியால் அடிக்கிற மாதிரிதான். காயில் நாம் பார்க்கிற பெரிய ஓட்டை, பெரும்பாலும் புழு தின்று முடித்து வெளியேறின ஓட்டை. கீழே இறங்கி, சருகிலும் காய்ந்த செடியிலும் கூடு கட்டி, மறுபடி அந்தாகிப் பறக்கும்.

"காய்ந்த செடியா?" என்று நான் கேட்டேன். "ஆமாம்மா. காய்ப்பு முடிஞ்சதும் பிடுங்கின செடியை என்ன பண்றீங்க?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். எனக்குச் சொரேர் என்றது. என்ன பண்ணுவோம்? கத்திரிமாரைக் கட்டுக் கட்டாக அடுப்பெரிக்க அடுக்கி வைப்போம். எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்போதும் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. அதாவது, அந்தப் பூச்சியை வளர்த்து, வருஷா வருஷம் வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என் அடுப்பங்கரை!

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டு முழுவதையும் எரித்தேன். மாமியார், "வெறகுக்கு எங்க போவே?" என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துல அவரைக்குச் சாம்பலைத்தான் தூவுவோம். தானியக் குதிருக்கு வேப்பந்தழை. இந்த டப்பா எல்லாம் அப்புறம் வந்ததுதானே" என்றார். அன்றிலிருந்து அவர் என் கட்சி!

என் கணவரிடம் சண்டை போடவில்லை. "பத்து சென்டை மட்டும் எனக்குக் கொடுங்க. ஒரு போகம் பார்க்கறேன். சரிப்படலைன்னா அப்புறம் பேச மாட்டேன்" என்று கேட்டேன். யோசித்து, "உன் இஷ்டம்" என்றார்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலையில் காபி வைக்கும் முன்னால் வயலுக்குப் போய்விடுவேன். நுனி வாடித் தொங்குகிற குருத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். வாடின குருத்துக்குள் புழு இருக்கிறது என்று அர்த்தம். அதை அரை விரல் கடை கீழே சேர்த்துக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வேன். சொத்தைக் காயையும் வயலிலேயே எறியாமல் அந்தப் பையில்தான் போடுவேன். பிறகு எல்லாவற்றையும் ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்பேன், அல்லது எரிப்பேன். இதுதான் முக்கியம். கிள்ளிக் கீழே போட்டால் புழு ஊர்ந்து போய்க் கூடு கட்டிவிடும்.

அடுத்தது இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்தின் வாசனையை ஒரு சின்ன ரப்பர்க் குப்பியில் ஏற்றித் தருகிறார்கள். செடிக்குச் சற்று மேலே இருக்கும்படி குச்சி நட்டுத் தொங்கவிட்டால், ஆண் அந்துகள் மோப்பம் பிடித்து வந்து பொறிக்குள் விழுந்துவிடும். ஜோடி சேராவிட்டால் முட்டை ஏது? இதைச் சொன்னதும் என் ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, பூச்சியிலயும் ஆம்பளை புத்தி அப்படித்தானா?" என்றாள். குப்பியின் வாசனை குறைந்துவிடும் என்பதால் மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

வரப்பைச் சுற்றிலும் தட்டைப்பயறு போட்டேன். அதில் வருகிற அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும்; வந்தது கத்திரிக்கும் காவல். ஊடே ஊடே செண்டுமல்லி. வெள்ளை ஈக்கு, மஞ்சள் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி நட்டேன்.

வேப்பங்கொட்டைச் சாறும் உண்டு. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் காய வைத்த கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ பருப்பு. ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட வேண்டும். மறுநாள் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, மீதித் தண்ணீரும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்துச் சாயங்கால வேளையில் தெளிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். ரொம்பப் பழைய கொட்டையும் உதவாது. உடனே பூச்சி பொத்தென்று விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். கசப்பில் தின்னாமல் பட்டினி கிடந்து, வளர்ச்சி கெட்டுத்தான் சாகும். பொறுமை வேண்டும்.

முதல் மாதம் என் பத்து சென்டைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சொத்தை அதிகம்தான். எனக்கே அழுகை வந்தது. இரண்டாம் மாதம் வாடின குருத்து குறைந்தது. மூன்றாம் மாதம் ஒரு நாள் காலை, என்னவர் என் பின்னாலேயே வந்து நின்றார். என் பக்கத்துக் காயையும் அவர் பக்கத்துக் காயையும் பத்துப் பத்தாகப் பறித்து வரப்பில் வைத்தார். என்னுடையதில் இரண்டு சொத்தை, அவருடையதில் மூன்று. வாரா வாரம் மருந்து வாங்கி அடித்தும் மூன்று! ஒன்றும் பேசவில்லை. கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "குப்பி எத்தனை வேணுமோ வாங்கிக்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். மண்டியில் எங்கள் காய்க்கு ஒரு ரூபாய் கூட அதிகம் கிடைப்பதில்லை. தராசுக்கு எல்லாக் காயும் ஒன்றுதான். மருந்துச் செலவு மிச்சமாவதால்தான் கட்டுப்படியாகிறது. வேலையும் கூடுதல். பக்கத்து வயலில் கத்திரிமாரை அடுக்கி வைத்தால் அங்கிருந்து அந்து பறந்து வந்துவிடும். அதனால் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம்தான் பேசினேன். விறகு அவர்கள் பொறுப்பு அல்லவா? ஆறு வீட்டில் கேட்டார்கள். இரண்டு வீட்டில் இன்னும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு வருஷம் தாங்காமல் மருந்து அடிக்க வேண்டி வந்தது. அப்போதும் பயிற்சியில் கேட்டு, காய்கறிக்கு அனுமதித்ததை, சொன்ன அளவுக்கு அடித்து, லேபிளில் போட்டிருந்த நாள் கழிந்த பிறகுதான் பறித்தோம்.

வயல் வீட்டில் இருக்கிற இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து அடித்துவிட்டு வந்தவர் சோப்புப் போட்டுக் குளிக்கும் வரை குழந்தையைத் தூக்க விடாதீர்கள். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலி டப்பாவைக் கழுவி அரிசி, பருப்பு போட்டு வைக்கிற பழக்கம் அறவே வேண்டாம். வியர்வை, எச்சில், கண் மங்கல், வாந்தி என்று வந்தால், பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டணத்துச் சகோதரிகளுக்கும் ஒன்று. காயை உப்புத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மேலே ஒட்டியதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவின மருந்து கழுவினால் போகாது. அதனால், ஓட்டை விழுந்த காய் ஒன்றிரண்டு வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மீதியைச் சமையுங்கள். நாம் சொத்தையை அடியோடு ஒதுக்குவதால்தான் மண்டிக்காரர் ஒதுக்குகிறார். அவர் ஒதுக்குவதால்தான் என்னைப் போன்றவளின் புருஷன் டேங்கைத் தோளில் மாட்டுகிறார்.

அந்த வாய்க்கால் வரிசையைப் பற்றிப் பயிற்சி அம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன். "காத்து வாய்க்கால் ஓரத்துக்கு வீசாதாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். நமக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்ததுகூட நமக்கு நல்லதாக இருந்ததில்லை.

போன தைப்பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். அன்று பருப்பில் மசித்துச் சாப்பிட்ட குழந்தை இப்போது பாவாடை தாவணி கட்டுகிற பெரிய பெண். கூடையை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினவள், "பெரியம்மா, எந்த வரிசையில பறிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"எந்த வரிசையில வேணும்னாலும் பறிடா கண்ணு" என்றேன்.